எந்த ராத்திரிக்கு ரெக்கார்டர்?

மாசி பிறந்ததுமே எனக்கு இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, வெளியூர் போனா பாட்டு கீட்டு பதிவு பண்ண கையடக்கமா ஒரு ரெக்கார்டர் வாங்கணும். கூடவே ஒரு நல்ல ஹெட்போன். எது வாங்கலாம்?" என்று பெங்களூரிலிருந்து சித்தி பையன் கேட்பான். காஞ்சிபுரத்தில் பாடம் நடத்துகிற நண்பர் கேட்பார். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: எந்த ராத்திரிக்கு?

விளையாட்டாகக் கேட்பதில்லை. மார்கழிக் கச்சேரிக்கு ஒரு சபாவில் போய் உட்காருபவருக்கும், செய்யாற்றங்கரையில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்காருபவருக்கும் ஒரே கருவி சரிப்படாது. எங்கள் ஊர் காவாந்தண்டலம். காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசி இந்த நாலுக்கும் நடுவே பைக்கில் போய் வரக்கூடிய தூரத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய. பங்குனியிலிருந்து ஆனி வரை ஏதாவது ஒரு ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். மத்தியானம் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தை ராகம் போட்டுப் படித்துக் கதை சொல்வார். ராத்திரி பத்து மணி வாக்கில் கூத்து தொடங்கினால் விடிந்துதான் முடியும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நாளுக்கொரு கதை. நான் ரெக்கார்டர் வாங்கியது இந்த ராத்திரிகளுக்காக. ஆகவே நான் சொல்வதெல்லாம் இந்த ராத்திரிகளை வைத்துத்தான். கச்சேரிக்காரர்கள் வேறு ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூத்து மேடையின் சத்தத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் ஒரு பெஞ்சு. அதில் மிருதங்கம் அல்லது டோலக், ஆர்மோனியப் பெட்டி, தாளம், கொடுப்பினை இருந்தால் முகவீணை. முகவீணை ஒரு சாண் சொச்சம் நீளமுள்ள குழல். நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி என்று பார்த்தால் தோன்றும், ஊதினால் அண்ணனையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். இப்போது அதை ஊதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பல ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், பெட்டியோடு சரி, சிலதில் கீபோர்டே வந்துவிட்டது. பெஞ்சுக்கு முன்னால் வேஷக்காரர்கள், காலில் சலங்கை. அவர்கள் நின்று பாடுவதில்லை. பாடிக்கொண்டே கிறுகிறுவென்று சுற்றுவார்கள். வாய் ஒரு நொடி உங்கள் பக்கம், மறு நொடி பெஞ்சுப் பக்கம். இதற்கெல்லாம் மேலே இரண்டு பக்கக் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர். கூத்து நடக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஜெனரேட்டர். நடுநடுவே கட்டியக்காரன் பாட்டை நிறுத்தி, இன்னார் நூறு ரூபாய் அன்பளிப்பு என்று அறிவிப்பான். குழந்தைகள் அழும். சுண்டல்காரர் கூவுவார். விடியற்காலை மூன்று மணிக்குக் கூட்டத்தில் பாதி தூங்கிக்கொண்டிருக்கும்போது, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வேஷம் தன் வரவைப் பாட ஆரம்பிக்கும். அந்தக் குரலுக்காகத்தான் நான் போகிறேன்.

இதைச் செல்போனில் எடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். எடுக்கலாம். என்ன பாடினார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் வேண்டுமென்றால் செல்போன் போதும். ஆனால் செல்போன் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் ஏறினால் தானாகக் குறைக்கும், இறங்கினால் தானாக ஏற்றும். மிருதங்கத்தில் ஒரு தீர்மானம் விழுந்ததும் பின்னணிக் குரல் அப்படியே அமுங்கி, அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல எழுந்து வரும். பெட்டியின் சுருதி விடாமல் ஒலிப்பதை 'இரைச்சல்' என்று நினைத்துச் சில போன்கள் துடைத்தே விடுகின்றன. சுருதி இல்லாத கூத்துப் பதிவைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காதீர்கள். போதாக்குறைக்கு, கர்ணன் சாகிற நேரம் பார்த்து யாராவது போன் பண்ணுவார்கள்.

ஆகவே தனி ரெக்கார்டர். சின்ன ரெக்கார்டர்களிலும் இந்தத் தானியங்கி அளவு உண்டு. வாங்கியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிட்டு, கையால் அளவு வைக்கப் பழகுங்கள். களரி கட்டும்போது, அதாவது வேஷம் வருவதற்கு முன்னால் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும்போதே, உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ராத்திரி முழுக்கத் தாங்கும். போர் நாளில் இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

கையடக்க வகையில் எங்கள் வட்டாரத்தில் நான் அதிகம் பார்ப்பது ஜூம், டஸ்காம் இரண்டும்தான். ஜூம் எச்1என் 2018-இல் வந்தது. குறுக்கே வைத்த இரண்டு மைக், டிவி ரிமோட்டுக்குப் போடுகிற அளவில் இரண்டு பேட்டரி, சட்டைப்பை அளவு. 120 டெசிபல் சத்தம் வரை மைக் தாங்கும். மெமரி கார்டு 32 ஜிபி வரைதான் எடுக்கும். 2024-இல் அதன் அடுத்த தலைமுறையாக எச்1எசென்ஷியல் வந்தது. இதில் 32 பிட் ஃப்ளோட் என்கிற பதிவு முறை. அளவு வைக்கிற வேலையே இல்லை. மெனுவைக் குரலில் படித்துச் சொல்லும் வசதியும் இதில் உண்டு. கண் பார்வை இல்லாத நண்பர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் பதிவு செய்யலாம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். டஸ்காம் டிஆர்-05எக்ஸில் இருப்பது எல்லாத் திசையிலிருந்தும் வாங்குகிற மைக். கூட்டம், சுண்டல்காரர், தெருநாய் உட்பட மொத்த ராத்திரியும் வேண்டும் என்பவர்களுக்கு அது. பெஞ்சையும் வேஷத்தையும் மட்டும் குறிவைப்பவர்களுக்கு ஜூமின் குறுக்கு மைக் தேவலை.

32 பிட் ஃப்ளோட் பற்றிக் கடைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறார்கள். சத்தம் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் கோப்பில் எண்ணாக அடங்கிவிடும், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து குறைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் மைக்கின் சவ்வே தாங்காத சத்தம் வந்தால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது. துரியோதனன் விழுகிற படுகளத்தன்று, மண்ணில் செய்த அவன் உருவத்தின் பக்கத்தில் பம்பையும் உடுக்கையும் வெடியும் சேர்ந்து முழங்கும்போது ஐந்தடிக்குள் நின்றால் எந்த ரெக்கார்டரும் கரகரக்கும். அதற்கு மருந்து தள்ளி நிற்பதுதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ரெக்கார்டரை எங்கே வைப்பது என்பதற்கும் விடை வருகிறது. ஊருக்குப் போனதும் குழாய் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து எட்டவும், பெஞ்சுக்குக் கிட்டவும் ஒரு பந்தல்கால் கிடைத்தால் அதுதான் உங்கள் இடம். ஆள் உயரத்துக்கு மேல், மைக் கொஞ்சம் கீழே பார்க்க, கயிற்றால் கட்டிவிடுங்கள். தரையில் முக்காலி வைத்தால் வேஷக்காரர்களின் மிதி முழுக்கத் தடதடவென்று ஏறும். புழுதியும் உள்ளே போகும். கையில் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார நினைக்கவே வேண்டாம். சின்ன ரெக்கார்டர்கள் விரல் அசைவதைக்கூடப் பதிவு செய்யும்.

அர்ச்சுனன் தபசு அன்று மட்டும் இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. தபசு மரத்தில் அர்ச்சுனன் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். பெஞ்சு கீழேயே இருக்கும். குரல் மேலே போய்க்கொண்டே இருக்கும். உச்சிக்குப் போனபின் எலுமிச்சம்பழமும் வில்வமும் கீழே வீசுவார், பிள்ளை வரம் வேண்டி நிற்கிற பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். அந்தக் குரல் காற்றில் கரைந்து வருவதுதான் அந்த ராத்திரியின் சாரமே. இப்போது அவர் சட்டையில் காலர் மைக் மாட்டிவிடுகிறார்கள். குரல் ஸ்பீக்கரில் பளிச்சென்று வரும், உயரம் காணாமல் போய்விடும். அன்றைக்கு நான் ஸ்பீக்கரை விட்டு விலகி, மரத்தடிக்கு அருகில் போய் நிற்பேன்.

மைக்செட்காரரை நண்பராக்கிக்கொள்வது ரெக்கார்டர் வாங்குவதைவிடப் பெரிய முதலீடு. அவருடைய மிக்சரிலிருந்து ஒரு லைன் கொடுத்தால் வேஷக்காரர் குரல் சுத்தமாக வரும். கொடுப்பார், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டு வந்து ஆம்ப்ளிபயரைப் போட்டு, "ஹலோ மைக் டெஸ்டிங்" சொல்லி முடித்தபின் கேளுங்கள். ஆனால் லைனை மட்டும் நம்பினால் மைக் வைக்காத வாத்தியம் எதுவும் அதில் இருக்காது. முகவீணைக்குத் தனி மைக் யாரும் வைப்பதில்லை, சலங்கைக்கும் இல்லை. ஜெனரேட்டர் மின்சாரம் சரியில்லை என்றால் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் லைன் ஒரு பக்கம், காற்றில் வருவது ஒரு பக்கம் என்று இரண்டும் எடுத்துப் பிறகு கலப்பதே மேல். இதற்கு ரெக்கார்டரின் வெளி உள்ளீடு லைன் அளவைத் தாங்குமா என்று வாங்கும்போதே பாருங்கள். மைக்குக்கு மட்டுமான துளையில் லைனைச் சொருகினால் வெறும் கரகரப்புதான் மிஞ்சும்.

காற்று. ஆற்றங்கரை ஊர்க்காரனாக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ரெக்கார்டரோடு வருகிற பஞ்சுத் தொப்பி வீட்டுக்குள் பேசுவதற்கு. செய்யாற்றுப் பக்கம் சாயங்காலம் வீசும் காற்றுக்கு ரோமம் வைத்த தொப்பி வேண்டும். பூனைக்குட்டி மாதிரி இருப்பதால் குழந்தைகள் வந்து தடவிப் பார்க்கும், அதைச் சமாளித்துக்கொள்ளுங்கள். காற்றிரைச்சலைக் குறைக்க ரெக்கார்டரில் அடிச்சத்தத்தை வெட்டும் பொத்தான் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்கு மேல் அதை ஏற்றினால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்து அடிச்சத்தம், போய்விடும். வலந்தலை மட்டும் டிக்டிக்கென்று கேட்கும்.

பேட்டரி விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையை அளவுகோலாக வைத்திருக்கிறேன். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரியோ டிவி ரிமோட்டுக்குப் போடுகிற பேட்டரியோ எந்தக் குக்கிராமத்திலும் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி வாங்கலாம். உள்ளேயே பேட்டரி வைத்து மூடிய ரெக்கார்டர் சார்ஜ் இறங்கினால் அன்றோடு சரி. ஆனால் பெட்டிக்கடைச் சாதா பேட்டரி கடிகாரத்தை வருஷம் ஓட்டும், ரெக்கார்டரைக் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. அது அவசரத்துக்கு மட்டும். அல்கலைன் போடுங்கள், இல்லையென்றால் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி. எந்த வகை போட்டிருக்கிறீர்கள் என்று மெனுவில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று ரெக்கார்டர் தப்பாகக் காட்டும். பவர் பேங்க் மாட்டலாமே என்றால், அதில் ஒரு சூட்சுமம். ரெக்கார்டர் இழுக்கிற மின்சாரம் மிகக் கொஞ்சம். போன் நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். வீட்டிலேயே ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்து, அணையாததைக் கொண்டுபோங்கள்.

கார்டில் எவ்வளவு இடம் வேண்டும்? 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி. ஒன்பது மணி நேரக் கூத்து 9.3 ஜிபி. 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்தால் 12.4 ஜிபி. 320 கிலோபிட் எம்பி3 என்றால் 1.3 ஜிபியில் முடிந்துவிடும். எம்பி3 போதாதா என்று கேட்பார்கள். கேட்பதற்குப் போதும். பின்னால் குரலை மேலே தூக்கி, முனகலைக் கழித்து வேலை செய்ய வேண்டுமென்றால் வேவ்தான். கோப்பு 2 ஜிபியை எட்டியதும் பல ரெக்கார்டர்கள் தானாக அடுத்த கோப்புக்குத் தாவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று வையுங்கள். இதைப் பார்த்துப் பதற வேண்டாம், எதுவும் விட்டுப்போகாது.

என் சின்ன வயசில் இந்த வட்டாரத்தில் கூத்தைப் பதிவு செய்தது வளைகுடாவிலிருந்து வந்த டேப்ரெக்கார்டர். தொண்ணூறு நிமிடக் கேசட் ஆறு இருந்தால் ஒரு கூத்து. முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அந்தக் கேசட்டுகளைக் கேட்டால் பாஞ்சாலி சபதத்தின் நடுவே டக்கென்று ஒரு வெட்டு விழும். பிறகு கதை பத்து வரி தள்ளித் தொடங்கும். அந்தப் பத்து வரி இனி யாருக்கும் கிடைக்காது.

ஹெட்போனுக்கு வருவோம். பதிவு செய்யும்போது கேட்கவும் பஸ்ஸில் கேட்கவும் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நான் இரண்டு தனித்தனியாக வைத்திருக்கிறேன், பணம் இருப்பவர்கள் அப்படியே செய்யுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் பதிவுக்கானதை வாங்குங்கள், அதைப் பஸ்ஸிலும் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸுக்கானதைக் கூத்தில் போட முடியாது.

ஏன் முடியாது? பயணத்துக்கு விற்கிற ஹெட்போன் பெரும்பாலும் ப்ளூடூத். முதலில், பெரும்பாலான சின்ன ரெக்கார்டர்களில் அதை இணைக்கவே வழியில்லை. அப்படியே இணைத்தாலும் சத்தம் ஐந்தில் ஒரு நொடி வரை தாமதமாக வந்து சேரும். ஐந்தில் ஒரு நொடியில் ஒலி காற்றில் சுமார் எழுபது மீட்டர் போய்விடும். கண்ணெதிரே மிருதங்கக்காரர் அடிக்கிறார், காதில் அது ஊர்க்கோடியிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். அரை மணி நேரத்தில் தலை சுற்றும். இரைச்சலை நீக்கும் வசதி இன்னும் மோசம். பதிவில் ஜெனரேட்டர் முனகல் விழுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் ஹெட்போனே போடுகிறோம். சுற்றிலும் இருக்கிற அந்த முனகலை அது துடைத்துவிடும்போது, கேட்பது எது, பதிவாவது எது என்றே குழம்பிப்போகும்.

பதிவுக்கு வேண்டியது ஒயர் வைத்த, காதை முழுக்க மூடுகிற சாதா ஹெட்போன். சோனி எம்டிஆர்-7506 1991-லிருந்து அதே உருவத்தில் வருகிறது. சினிமா ஒலிப்பதிவாளர்கள் தலையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நீல ஸ்டிக்கர் ஒட்டியது. மடித்துப் பைக்குள் வைக்கலாம். ஒயரைக் கழற்ற முடியாது. ஒயர் கழற்றி மாற்ற வேண்டுமென்றால் ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ். காசு அவ்வளவு இல்லை என்றால் அதே வரிசையில் எம்20எக்ஸ். ஓம்ஸ் கணக்கு மட்டும் பாருங்கள். 250 ஓம்ஸ் ஹெட்போன் நல்லதுதான், ஆனால் சின்ன ரெக்கார்டருக்கு அதை ஓட்டத் தெம்பு கிடையாது. 32-லிருந்து 80 வரை இருந்தால் போதும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் காதுமெத்தையின் ரெக்சின் நம் ஊர் வியர்வையில் உரிந்துவிடும். மாற்று மெத்தை கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். குழாய் ஸ்பீக்கர் அலறுகிற இடத்தில் எவ்வளவு இறுக்கமான ஹெட்போன் போட்டாலும் வெளிச்சத்தம் உள்ளே வரும். அங்கே அளவுக்கு மீட்டரைத்தான் நம்ப வேண்டும். ஹெட்போன் காற்று, முனகல், ஒயர் கரகரப்பு இதையெல்லாம் பிடிப்பதற்கு. சரியாக விழுகிறதா என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமா? களரி கட்டும்போது ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ரெக்கார்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம், சத்தம் தேய்கிற இடத்துக்கு நடந்துபோய்க் கேளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் செய்கிறவர்கள் ரொம்பக் கம்மி.

பதிவு செய்வதும் பயணத்தில் கேட்பதும் எங்கே பிரிந்தன என்று பார்த்தால் கதை சுவாரசியமானது. 1979 ஜூலை 1 அன்று சோனி வாக்மேன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அவர்களிடம் நிருபர்களுக்கான ப்ரெஸ்மேன் என்ற கையடக்க ரெக்கார்டர் இருந்தது. நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு விமானத்தில் பாட்டுக் கேட்க ஆசை. ப்ரெஸ்மேனிலிருந்து பதிவு செய்யும் பகுதியைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவாகக் கேட்கும்படி மாற்றிக் கொடுத்தார்கள். பதிவு செய்ய முடியாத டேப்ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே சிரித்தார்களாம். உலகமே வாங்கியது. அன்றிலிருந்து பயணத்துக்கான கருவி என்றாலே கேட்கிற கருவி என்று ஆகிப்போனது. இரைச்சல் நீக்கும் ஹெட்போனும் விமானத்தில் பிறந்ததுதான். 1978-இல் சூரிச்சிலிருந்து அமெரிக்கா திரும்பும்போது எஞ்சின் சத்தத்தில் பாட்டுக் கேட்க முடியாமல் தவித்த அமர் போஸ், உட்கார்ந்த இடத்திலேயே அதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தார். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது சந்தைக்கு வந்தது. அவருடைய அப்பா வங்காளத்திலிருந்து போனவர் என்பதால் நமக்கும் கொஞ்சம் பெருமை.

விமான எஞ்சின்போல ஒரே சீராக, தாழ்வாக உறுமுகிற சத்தத்தைத்தான் அந்தத் தொழில்நுட்பம் நன்றாக அழிக்கும். காஞ்சிபுரம் - உத்திரமேரூர் பஸ்ஸில் உறுமலும் உண்டு. கூடவே ஏர்ஹாரன், கண்டக்டர் விசில், டிரைவர் தலைக்கு மேல் ஓடும் இளையராஜா. இவை திடீரென்று வருபவை, மேல்ஸ்தாயியில் வருபவை. இரைச்சல் நீக்கியால் இவற்றை முழுக்க அழிக்க முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதன் மைக்கிலேயே காற்று மோதிக் கூடுதலாக ஒரு புஸ்ஸு. என் அனுபவத்தில் நம் டவுன் பஸ்ஸுக்கு ரப்பர் முனைக்குப் பதில், அமுக்கிவிட்டால் காதுக்குள் விரிகிற நுரைமுனை வைத்த இயர்போன் போதும். விலை கால்வாசி. நீண்ட ரயில் பயணம், விமானம் என்று போகிறவர்கள் இரைச்சல் நீக்கி வாங்குங்கள், குறை சொல்ல மாட்டேன். இளையராஜாவை அழிக்க ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். குழாய் ஸ்பீக்கர் அடியில் இடம் பிடித்துக் குழந்தையைப் படுக்க வைக்கிற தாய்மார்களை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கிறேன். அவர்களைத் தள்ளிப் படுக்கச் சொல்லுங்கள்.

எங்கே வாங்குவது? சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கையில் எடுத்துப் பார்த்து, போட்டுக் கேட்டு வாங்கலாம். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் இங்கே எழுதவில்லை. எங்கே வாங்கினாலும் மெமரி கார்டில்தான் ஏமாற்று அதிகம். 64 என்று அச்சடித்திருக்கும், உள்ளே எட்டுதான் இருக்கும். எட்டு நிறைந்தபின் எழுதுவதுபோல் நடித்துப் பழையதை அழிக்கும். கதை பாதியில் நின்றது விடிந்தபின்தான் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டை முழுக்க எழுதிப் படித்துச் சரிபார்க்கும். புதுக் கார்டை அதில் ஒரு தரம் ஓட்டாமல் கூத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். பிரபலமான ஹெட்போன்களிலும் போலி உண்டு. விலை நம்ப முடியாத அளவு மலிவென்றால் நம்பாதீர்கள்.

கருவி எல்லாம் வந்துவிட்டது. இனி ஜமாவை நடத்துகிற வாத்தியாரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் எடுக்கிறவர்கள்தான் இப்போது அதிகம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரலையே விடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நிகழ்த்துகிற கலைஞருக்கு அவர் நிகழ்ச்சி மேல் ஐம்பது வருஷ உரிமை கொடுக்கிறது. உங்கள் சொந்தப் பயனுக்கோ, உண்மையான ஆராய்ச்சிக்கோ பாடத்துக்கோ பதிவு செய்தால் 39-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. யூடியூபில் ஏற்றுவது அந்த விலக்கில் வராது. சட்டம் கிடக்கட்டும். ஒரு வாத்தியார் என்னிடம் சொன்னார்: "எடுத்துக்கோ தம்பி. ஆனா முழுசா போட்டுடாத. அப்புறம் அடுத்த வருஷம் தாம்பூலம் வைக்க வர்றவன், அதான் செல்லுலயே இருக்குதேன்னு பேரம் பேசுவான்." இன்னொரு வாத்தியார் இதற்கு நேர்மாறு. வீடியோவின் அடியில் ஜமாவின் போன் நம்பரைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார், அதைப் பார்த்துத்தான் அவருக்கு வெளியூர் அழைப்பு வருகிறதாம். ஆகவே கேட்டுவிடுங்கள், ஆளுக்கு ஆள் பதில் வேறு. ஏற்றுவதாக இருந்தால் அன்பளிப்பு அறிவிப்பில் வரும் ஊர்க்காரர்கள் பெயரை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். உங்கள் கைப்பிரதியில் வெட்ட வேண்டாம். கூத்து யார் தயவில் நடந்தது என்பதற்கு அதுதான் கணக்கு.

பதிவை வாத்தியாருக்கு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுப்பதை நான் தவறவிடுவதில்லை. நம் பக்கத்துக் கூத்தைப் பதிவு செய்தும் எழுதியும் சொல்லிக்கொடுத்தும் காத்தவர்கள் பலர். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990-இல் புத்தகமே போட்டார். ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988 முதல் தொகுதி தொகுதியாக எழுதினார். பெருங்கட்டூர் ராஜகோபால் முன்னின்று 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கி, 2002-இலிருந்து 2020 வரை காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பையன்களோடு பெண்பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்த குருகுலம் நடத்தினார். பதிவு ஊருக்குத் திரும்புவதைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ஹாலந்துக்காரர் அர்னால்ட் பாக்கே 1938-இல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் பதிவு செய்ததை, 1984-இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் எடுத்துக்கொண்டு அதே ஊர்களைத் தேடிப்போய்ப் போட்டுக் காட்டினார்கள். பாடியவர்களின் ஊருக்கு அந்தப் பாட்டு திரும்பி வர நாற்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. பென் டிரைவில் கொடுக்க நமக்கு ஒரு வாரம் போதும். பெரிய தொகுப்பாக வைத்திருப்பவர்களுக்கு, அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982-இல் தொடங்கிய இசை ஆவணக்காப்பகம் குர்கானில் இருக்கிறது. கள ஆய்வுப் பதிவுகளை முறைப்படி வாங்கிப் பாதுகாக்கிறார்கள்.

சுருக்கிக் கேட்கிறவர்களுக்கு: கூத்துக்கு என்றால் எச்1எசென்ஷியல், ரோமத் தொப்பி, எம்20எக்ஸ், சரிபார்த்த 64 ஜிபி கார்டு, இரண்டு ஜோடி அல்கலைன். கையில் காசு குறைந்தால் ரெக்கார்டரைப் பழையதாக வாங்குங்கள், தொப்பியை விட்டுவிடாதீர்கள்.

உத்திரமேரூர், மாகறல், செய்யாறு பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கூத்துக் கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வீட்டு டேப்ரெக்கார்டரில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், நாடா சிக்கினால் அறுந்துவிடும். எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நல்ல கேசட் டெக் ஒன்று என்னிடம் இருக்கிறது. வந்து வாங்கிப்போய், மாற்றி, கேசட்டையும் பிரதியையும் உங்கள் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறேன். பங்குனிக்கு முன் என்றால் வசதி.